துபாயில் தேயிலைச் செடி இல்லை

துபாய் ஜெபல் அலி துறைமுகப் பகுதியில் 2005ஆம் ஆண்டு முதல் ஒரு தேயிலை மையம் இயங்குகிறது. கென்யா, இந்தியா, இலங்கை என்று பல நாட்டுத் தூளும் மூட்டையாக வந்து இறங்கும். கலந்து, பொட்டலம் கட்டி, வேறு பெயரில் மறுபடி கப்பலேறும். அமீரகத்தில் தேயிலைத் தோட்டம் கிடையாது. ஆனாலும் தேயிலை மறுஏற்றுமதியில் அது பெரும்புள்ளி. இலங்கையின் தலவாக்கலையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து இங்கே பிழைக்க வந்தவருக்கு வயிறு எரியாதா?

செடியுள்ள எங்கள் ஊரிலோ 2021இல் டொலரை வெளியே விடாமல் தன்னிறைவு தேடினார்கள். அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த நேரம். மே மாதத்தில் அப்போதைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்சவின் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது. தேயிலைக்கு எவ்வளவு உரம் வேண்டும் என்று கேட்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலேயே இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை கொழுந்தைப் பறிகொடுக்கும் செடி இது. எடுத்த நைட்ரஜனை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் துளிர் குறையும். நவம்பரில் தடை விலகியபோது காலம் கடந்திருந்தது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த விளைச்சல், 2022இல் 25 கோடியாக இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. டொலரை மிச்சம் பிடிக்கப்போய், டொலர் தரும் செடியையே பட்டினி போட்டார்கள்.

இடையில் சீனக் கம்பெனி ஒன்றிடமிருந்து இயற்கை உரம் கப்பலில் வந்ததும், கிருமி இருக்கிறதென்று அதை ஏற்க மறுத்துவிட்டு ஏறக்குறைய 70 லட்சம் டொலரை அந்தக் கம்பெனிக்கே கொடுத்ததும் தனிக் கூத்து.

அடி கடைசியில் மலையில்தான் விழுந்தது. 2021 மார்ச்சில்தான் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்திருந்தது. பல தோட்டங்களில் உடனே ஒரு நாளில் பறிக்கவேண்டிய கிலோக் கணக்கை ஏற்றிவிட்டார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். உரமில்லாத மலையில் எங்கே போய்க் கொழுந்தைத் தேடுவது?

டொலர் சம்பாதிக்க, இலங்கைத் தேயிலை வணிகர் மெரில் பெர்னாண்டோ 1980களிலேயே வேறு வழி காட்டியிருந்தார். தூளை மொத்தமாக விற்காமல், இலங்கையிலேயே பொட்டலம் கட்டி, ‘டில்மா’ என்று சொந்தப் பெயரிட்டு ஆஸ்திரேலியக் கடைகளுக்கு அனுப்பினார். தன்னிறைவுக்கு உரத்தடையைவிட இது நெருக்கம். ஆனாலும் இன்னும் ஏராளமான தூள் மொத்தமாகவே கப்பலேறுகிறது. வெளிநாட்டுத் தூளை இறக்கிக் கொழும்பிலேயே கலக்க விடுங்கள் என்று ஏற்றுமதியாளர்களில் ஒரு பகுதியினர் கேட்கிறார்கள். சிலோன் தேயிலையின் பெயர் கெடும் என்று உற்பத்தியாளர்கள் மறுக்கிறார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த இலாபத்தில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு எத்தனை ரூபாய் என்ற கேள்வியை இரு தரப்பும் அபூர்வமாகவே எழுப்புகின்றன.