கீழே ஒரு சொட்டு இல்லை... வண்டித் தண்ணி எங்கே போகுது? பதில் சொன்ன பால் கணக்கு நோட்டு!

பழைய வண்டி வாங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பேட்டரி செத்தால் காலையிலேயே தெரிந்துவிடும். கிளட்ச் தேய்ந்தால் முதல் மேட்டிலேயே வண்டி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது, வண்டிக்கு அடியில் மட்டும் ஈரமே இல்லை என்றால்? அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் ஆளை அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடக் கூடாது.

கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை அருகே உள்ள களமருதூர்க்காரர் அவர். பத்து வருடம் அடுத்தவர் வண்டியில் சம்பளத்துக்கு லோடு ஓட்டியவர். சொந்த வண்டி என்ற ஆசையில் 2018 மாடல் டீசல் பிக்-அப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தார். மனைவியின் செயின் அடகுக்குப் போனது. மீதிக்கு ஃபைனான்ஸ். மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும்.

உள்ளூரில் நெல் மூட்டை, உளுந்து மூட்டை என்று உளுந்தூர்பேட்டைக்கு ஓடும் வாடகை. அதைவிட நல்ல வாடகை கல்வராயன் மலையில். எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி தாண்டி கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைக் கடந்து வளைவு வளைவாக வெள்ளிமலைக்கு ஏற வேண்டும். ஏறும்போது சிமென்ட், உர மூட்டை. இறங்கும்போது ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு. பிடுங்கிய கிழங்கு இரண்டு, மூன்று நாளுக்கு மேல் தாங்காது, உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும். அதனால் சீசனில் வண்டி வரவில்லை என்றால் விவசாயி காத்திருக்க மாட்டார். வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். அடுத்த தடவையும் அந்த வண்டியைத்தான் கூப்பிடுவார்.

வண்டி வாங்கிய மூன்றாவது வாரம், அணையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது ஹீட் மீட்டர் முள் மேலே போனது. ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, பானட்டைத் தூக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார். அனுபவசாலி என்பதால் சூட்டோடு மூடியைத் திறக்கவில்லை. (ரேடியேட்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர். மூடியின் வேலையே அந்த அழுத்தத்தைப் பிடித்துவைப்பதுதான். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அந்த அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கும் வீரம் யாருக்கும் வேண்டாம்.) ஆறிய பிறகு திறந்தால், உள்ளே தண்ணீர் மட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டில் தண்ணீரும் உள்ளே போனது.

அன்றிலிருந்து கேபினில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது.

வண்டி தண்ணி குடிக்கிறது என்று சொன்னதும் ஸ்டாண்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சள் தூளைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றச் சொன்னார் ஒருவர். லீக் பவுடர் போடச் சொன்னார் இன்னொருவர். “தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டித் தூக்கிப் போடுணா, ஹீட்டே ஆவாது” என்றார் மூன்றாமவர். மஞ்சள் தூளும் பவுடரும் சின்ன ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்கலாம். கூடவே ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும். தெர்மோஸ்டாட் விஷயம் அதைவிட மோசம். இன்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டிய அளவுக்குச் சூடாகி, அந்தச் சூட்டிலேயே நிற்பதற்காக வைத்த வால்வு அது. அதைக் கழற்றினால் டீசல் சரியாக எரியாது. முக்கியமாக, காணாமல் போகிற தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் பார்த்த மெக்கானிக் நோயின் பெயரையே சொல்லிவிட்டார். “ஹெட் பேக்கிங் போயிருக்குணா. ஹெட்டை இறக்கிடலாம். ஃபேஸிங், வால்வு வேலையெல்லாம் சேர்த்து நாப்பதாயிரத்துக்குக் குறையாது. ஒரு வாரம் வண்டிய விடுங்க.”

அவர் ஏமாற்றப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. வெளியே ஒழுகாமல் தண்ணீர் குறைந்தால் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான். இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தகடு போனால், தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்து ஆவியாகி சைலன்சர் வழியே போகும். ஆனால் தண்ணீர் ஒளிந்து போவதற்கு அது ஒன்றே வழி இல்லை. மூடியின் ரப்பர் காய்ந்து, சூட்டில் ஆவி தப்பிக்கலாம். வாட்டர் பம்ப்பின் சின்னத் துளை வழியே கசிந்து, கீழே விழுமுன் இன்ஜின் சூட்டில் காய்ந்துவிடலாம். ஹோஸ் கிளிப் தளர்ந்து, ரப்பர் சுருங்கும் குளிர்ந்த வேளையில் மட்டும் கசியலாம். கையில் இருபதாயிரம்கூட இல்லாதவர் ஹெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “இது இல்லையே” என்று மூடினால் செலவு அவருடையதுதான். திறந்து மூடுவதற்குள் மரவள்ளி சீசனும் போய்விடும்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி இரண்டு மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவர். எத்தனை லிட்டர், என்ன டிகிரி என்று தினமும் எழுதிவைக்கிற பழக்கம்.

“ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி ஊத்துறீங்க?”

“ரெண்டு பாட்டில் இருக்கும்.”

“இருக்கும்னா? சொசைட்டில ‘ரெண்டு லிட்டர் இருக்கும்’னு எழுதினா உட்டுடுவோமா?”

அவருக்கு ரோஷம் வந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து கணக்கு ஆரம்பமானது. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் வண்டிக்கு. வண்டியைத் தினமும் வாசலில் அதே சமதளமான இடத்தில் நிறுத்த வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். ரேடியேட்டர் கழுத்து வரை, பக்கத்து டப்பாவில் ஒட்டிய டேப் வரை, அளவு குவளையால் ஊற்றி எத்தனை மில்லி என்று எழுத வேண்டும். முந்தின நாள் எங்கே போனது, என்ன லோடு, டிப் ஸ்டிக்கில் ஆயில் என்ன நிறம், முதல் புகை என்ன நிறம், எல்லாம் அதே வரியில். (ஆயில் பால் விட்ட டீ போல வெளுத்திருந்தால் அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. இவர் வண்டியில் ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது.) ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தார்கள். காலையில் அட்டை மொடமொடவென்று காய்ந்தே கிடந்தது.

இடையில் அவர் செய்த இன்னொரு நல்ல காரியம், ரேடியேட்டரில் இருந்த தண்ணீரை மொத்தமாக வடித்தது. செங்காவி நிறத்தில் துருத் தண்ணீர் வந்தது. முன்பு வைத்திருந்தவர் போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்பதற்கு அதைவிட சாட்சி வேண்டியதில்லை. நன்றாக அலசிவிட்டு, பச்சை கூலன்ட்டையும் பேட்டரி தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். கூலன்ட் துரு பிடிக்காமல் காக்கும், கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தும். கண்டுபிடிக்கவும் உதவும்: வெறும் தண்ணீர் காய்ந்தால் தடம் தெரியாமல் போகலாம். கூலன்ட் எங்கே கசிந்தாலும் பச்சைக் கறை விட்டுப் போகும். ஆனால் அந்த கேனைக் குழந்தைகள் கைக்கும் நாய் வாய்க்கும் எட்டாமல் வைக்க வேண்டும். கூலன்ட் இனிப்பாக இருக்கும். குடித்தால் சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம்.

பன்னிரண்டு நாளில் நோட்டு பேச ஆரம்பித்தது. உளுந்தூர்பேட்டை போய்வந்த நாட்களுக்கு மறுநாள் 50 மில்லி, 60 மில்லி. வண்டி நின்ற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றுமே இல்லை. வெள்ளிமலை ஏறி இறங்கிய நாட்களுக்கு 400, 450, ஒரு தடவை 500. மலை போய்வந்த மறுநாள் காலை மட்டும், ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் குப்பென்று வெள்ளைப் புகை. அதுவரை அதைப் பனி என்றுதான் நினைத்திருந்தார். கூலன்ட் மாற்றிய பிறகு அந்தப் புகையில் லேசாக ஒரு இனிப்பு வாடை அடித்தது. இன்ஜினைச் சுற்றி எங்கேயும் பச்சைக் கறை இல்லை. அப்படியென்றால் தண்ணீர் உள்ளேதான் போகிறது. அது ஹெட் பேக்கிங்தானா என்பதுதான் நாற்பதாயிரம் ரூபாய் கேள்வி.

கள்ளக்குறிச்சியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். அவர் பானட்டைத் திறக்கவில்லை. நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார்.

“யார் தம்பி எழுதினது?”

“வீட்டுலங்க.”

“நீ எழுதினதா இருந்தா சந்தேகப்பட்டிருப்பேன்” என்று சிரித்தாராம்.

முதலில் ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார். அதில் நீல நிற திரவம். இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டரில் இருந்து வரும் காற்றை அந்தத் திரவம் வழியே இழுத்தார். ஹெட் பேக்கிங் போயிருந்தால் சிலிண்டரின் புகை தண்ணீரில் கலந்து வரும், நீலம் மாறி பச்சை, மஞ்சள் பக்கம் போகும். நீலம் நீலமாகவே இருந்தது. ஒரே சோதனையை நம்பாமல், வண்டியை ஆக்ஸிலரேட்டர் கொடுத்துச் சூடேற்றி மறுபடி பார்த்தார். அப்போதும் நீலம்தான்.

அடுத்து மூடிக்குப் பதிலாகக் கைப்பம்ப் ஒன்றை மாட்டி, சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல அழுத்தம் ஏற்றிவிட்டு, ராத்திரி முழுக்க வண்டியை அங்கேயே நிறுத்தச் சொன்னார். காலையில் பம்ப்பின் முள் பாதிக்கு இறங்கியிருந்தது. கீழே தரை காய்ந்திருந்தது.

“இனிமே கழட்டலாம்” என்றார். கழற்றியது ஹெட்டை அல்ல. இன்ஜின் பக்கவாட்டில் இருந்த, முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு உலோகப் பெட்டியை. இஜிஆர் கூலர்.

இந்தப் பெயரை வண்டி ஓட்டுகிறவர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-4 விதி வந்தது. டீசல் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்க, இன்ஜினில் இருந்து வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளேயே அனுப்பும் முறை இஜிஆர். கொதிக்கிற அந்தப் புகையை அப்படியே அனுப்ப முடியாது என்பதால், வழியில் இந்தப் பெட்டி. உள்ளே மெல்லிய குழாய்கள் வழியாகப் புகை போகும், சுற்றிலும் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும். அந்தக் குழாயில் ஒரு கீறல் விழுந்தால் போதும். தண்ணீர் புகைப் பாதையில் இறங்கி, வண்டி ஓடும்போது ஆவியாக, நிற்கும்போது சொட்டாக, யார் கண்ணிலும் படாமல் போய்விடும். துருத் தண்ணீர் ஓடிய வண்டியில் அது சீக்கிரமே நடக்கும்.

பெட்டியின் புகை வாய் ஈரமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் கரி அப்பியிருக்க, அங்கே மட்டும் கழுவிவிட்டது போல் இருந்தது. பஞ்சர் கடை மாதிரி ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். குமிழி வரவில்லை. களமருதூர்க்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. பெரியவர் அசரவில்லை. அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றச் சொன்னார். சுடுதண்ணீரில் முக்கியதும் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பியது. சூட்டில் உலோகம் விரியும்போதுதான் அந்தக் கீறல் வாய் திறக்கிறது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் 50 மில்லி, மலையில் 450 மில்லி என்ற கணக்குக்குப் பதில் அங்கே கிடைத்தது.

இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால்? நிறைய தண்ணீர் சிலிண்டருக்குள் தேங்கிய நிலையில் ஒருநாள் காலை சாவியைத் திருப்பியிருந்தால், தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். அப்புறம் இன்ஜினையே கட்ட வேண்டியதுதான்.

“கூலர் எதுக்கு? இஜிஆர் லைனையே தகடு வெச்சு அடைச்சிடலாமே” என்று பட்டறையில் ஒருவர் யோசனை சொன்னார். பல வண்டிகளில் நடக்கிற வேலைதான். ஆனால் அது புகை விதிக்கு விரோதம், கம்ப்யூட்டர் இன்ஜினில் எச்சரிக்கை விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். பெரியவர் அதைச் செய்யவில்லை. புது கூலர் போட்டு, கேஸ்கெட் மாற்றி, ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போட்டார். எல்லாம் சேர்த்து, ஹெட் இறக்கச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. வண்டி நின்றது மூன்று நாள். இரண்டு மரவள்ளி ட்ரிப் கைவிட்டுப் போனது.

கூலர் மாற்றிய பிறகும் நோட்டு நிற்கவில்லை. முதல் வெள்ளிமலை ட்ரிப்புக்கு மறுநாள் 40 மில்லி என்று எழுதியிருக்கிறது. அதுவும் எதற்கு என்று அந்த அம்மா விடவில்லை. மேல் ஹோஸ் கிளிப்பின் ஓரத்தில் பச்சையாக ஒரு கறை இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு திருகு. அதற்கடுத்த வரிகளில் பூஜ்ஜியம்தான்.

இப்போது ஊரில் யார் பழைய வண்டி பார்க்கப் போனாலும் இவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போன மாதம் சொந்தக்காரப் பையனுக்காக ஒரு பிக்-அப் பார்க்கப் போனார். “நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று விற்பவரிடம் முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். காலை ஆறரைக்குப் போய், பெயின்ட்டையோ டயரையோ பார்க்காமல், நேராக பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள்.