சுமை அறிந்து வண்டி தேர்தல்

சிங்கப்பூரின் சைனாடவுன் பகுதிக்குச் சீனர் வழங்கும் பெயர் 'நியூ சே சுவெய்' என்பதாகும். மாட்டுவண்டித் தண்ணீர் என்பது அதன் பொருள். மலாய் மக்கள் அதனைக் 'கிரேத்தா ஆயர்', அதாவது தண்ணீர் வண்டி என்பர். குழாய் நீர் வாராத காலத்தில் ஆன் சியாங் குன்றின் கிணறுகளிலிருந்து மாட்டுவண்டிகள் இப்பகுதிக்கு நீர் கொணர்ந்தன. ஆற்றாலும் மலையாலும் மரத்தாலும் ஊர்கள் பெயர் பெறுதல் உலக வழக்கு. இங்கோ ஒரு வண்டியும் அது சுமந்த நீரும் ஊர்ப்பெயராயின. 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை தோற்றுவித்த மாரியம்மன் கோயில் நிற்கும் சவுத் பிரிட்ஜ் சாலையில் நடப்போர், அறிந்தோ அறியாமலோ ஒரு வண்டியின் பெயரைக் கொண்ட ஊரிலேயே நடக்கின்றனர்.

வண்டியையும் சுமையையும் பிரித்தறியாத அப்பெயரில் ஓர் அரிய பாடம் உண்டு. இக்காலத்தில், லாரியின் அடிச்சட்டத்தின்மேல் வீடமைத்து நெடும்பயணம் செல்ல விழைவோர் மேலைநாடுகளில் பலர். படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அமைந்த இந்த டீசல் வண்டிகளை மோட்டார் இல்லம் எனலாம். அவற்றைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் முதலில் நோக்குவன உள்ளழகும் எஞ்சின் வலிமையுமே. முதலில் எண்ண வேண்டியதோ சுமையாகும்.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. பாலைவழி செல்லும் குடும்பத்திற்கு 300 லிட்டர் நீர் மிகையன்று. அதுவே 300 கிலோ ஆகிவிடுகிறது. 200 லிட்டர் டீசல் ஏறத்தாழ 170 கிலோ. நால்வரின் உடல் எடை 280 கிலோ எனக் கொள்வோம். உணவும் உடையும் கருவிகளும் சேருமுன்னரே இது 750 கிலோவாகிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சாதாரணக் கார் உரிமம் பெற்றவர் ஓட்டக்கூடிய வண்டியின் மொத்த எடை நெடுங்காலமாக 3,500 கிலோ என வரையறுக்கப்பட்டிருந்தது. அவ்வெல்லைக்குள் அமைந்த வண்டி வெறுமையாகவே 3,000 கிலோ இருக்குமாயின் எஞ்சுவது 500 கிலோதான். லாரி அடிச்சட்டத்தை நாடுதல் ஆடம்பரத்தால் மட்டுமன்று, இக்கணக்கினாலும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

மொத்த எடை அடங்கினால் மட்டும் போதுமோ எனின், போதாது. ஒவ்வோர் அச்சும் தாங்கும் எல்லை தனித்தனியே உண்டு. நீர்த்தொட்டியைப் பின்னச்சுக்கும் அப்பால் வைத்தால் முன்சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறைந்து, வண்டியைத் திருப்பும் பிடிப்புத் தளர்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே, தாழ்வாக வைப்பதே முறை. மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்னும் உண்மையை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் அரசியலுக்கு உவமையாக்கினார். இன்றைய பொறியாளர்க்கோ அது உவமையன்று, நேரான விதியே.

இன்னொன்று. லாரியின் அடிச்சட்டம் ஏணி போன்றது. மேடு பள்ளங்களில் சற்றே முறுகி வளைவது அதன் இயல்பு. வீடோ வளையாத பெட்டி. இரண்டையும் இறுகப் பிணைத்தால் பெட்டியின் மூலைகள் வெடிக்கும். ஆதலின், மூன்று இடங்களில் மட்டும் தாங்குமாறோ சுருள்வில்களின் மேலோ வீட்டைப் பொருத்துகின்றனர். குறைந்த வேகத்திலும் பாரம் இழுக்கும் ஆற்றல் டீசல் எஞ்சினுக்கு உண்டு. எனினும், மலையேறும் வலிமையை வினவுவோர் மலையிறங்கும்போது தடுக்கும் பிரேக்கின் வலிமையையும் வினவுதல் வேண்டும்.

இவ்வாழ்க்கை தமிழர்க்குப் புதிதன்று. உப்பு வணிகராகிய உமணர் குடும்பத்தோடு வண்டியிலேயே ஊர் ஊராகச் சென்றனர். கூரை வேய்ந்த அவ்வண்டியையும், அதில் கோழி அடையும் கூட்டையும், முகப்பில் கட்டிய காடிக் கலத்தையும், மகவோடு எருதுகளை ஓட்டும் பெண்ணையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பள்ளமும் மேடும் எவ்வாறிருக்குமோ என்று எண்ணி உமணர் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்தனர் என்பதை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் கூறி, அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்த அச்சுக்கு ஒப்பிட்டார். கடையில் கண்ட அழகை அன்று, வழியில் வரக்கூடிய இடரை எண்ணி வண்டி அமைத்தவர் அவர்.

மோட்டார் இல்லத்தைத் தேர்வோர் அறிய வேண்டிய மற்றொரு நுட்பம், அதில் எத்தனை பேர் உறங்கலாம் என்பது வேறு, ஓடும்போது எத்தனை பேர் அமரலாம் என்பது வேறு என்பதாகும். சட்டகத்தோடு பிணைத்த இருக்கையும் இடைவாரும் எத்தனையோ, அத்தனை பேரே பயணிகள். பெரிய தொட்டிகளில் நீர் அலைமோதாதிருக்க உள்ளே தடுப்புப் பலகைகள் உண்டு. அலமாரியிலுள்ள கோப்பை சரியாதிருக்கவும் தாழ்ப்பாள் உண்டு.

இதே அடிச்சட்டத்தைச் சிங்கப்பூர்ச் சாலைகளில் வேறொரு கோலத்தில் காணலாம். விடியற்காலையில் கட்டுமானத் தொழிலாளர் லாரியின் பின்தட்டில் அமர்ந்து செல்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் அவர்களுள் பலர். ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் கூடி ஊர்ச்செய்தி பேசுவோரும் அவர்களே. மேற்கூரையும் உயர்ந்த பக்கத்தடுப்பும் அந்த லாரிகளுக்கு வேண்டும் என்று சட்டம் விதித்துள்ளது; பின்தட்டில் இடைவார் வேண்டும் என விதிக்கவில்லை. 2021 ஏப்ரல் 20ஆம் நாள் தீவு விரைவுச்சாலையில் தொழிலாளரை ஏற்றிய லாரியொன்று நின்றிருந்த வண்டியில் மோதியது. தொழிலாளர் இருவர் உயிர் துறந்தனர். அவர்களைப் பேருந்திலேயே ஏற்றல் வேண்டும் என்ற குரல் பன்முறை எழுந்துள்ளது. செலவும் பேருந்து ஓட்டுநர் பற்றாக்குறையும் தடைகளாகக் கூறப்படுகின்றன. அத்தடைகள் பொய்யல்ல. ஆயினும் கோப்பைக்கும் தாழ்ப்பாள் வைக்கும் பொறியியல் அறிவு, மனிதனுக்கு இடைவார் அமைக்க இயலாததன்று.

சைனாடவுனுக்குப் பெயர் தந்த வண்டி சுமந்தது நீர். சிந்தினால் மீண்டும் கிணற்றில் முகந்து கொள்ளலாம். இன்றைய லாரி சுமப்பதோ ஊரில் ஒரு குடும்பம் எதிர்நோக்கியிருக்கும் உயிர். வண்டி தேர்வோர், அது இன்பப் பயணத்திற்காயினும் தொழிலுக்காயினும், எஞ்சினின் ஆற்றலைக் கேட்குமுன் ஏறப்போவது யாது என்று கேட்பாராக. அவ்வினாவிற்குரிய விடையே அச்சையும் சட்டத்தையும் இருக்கையையும் முடிவு செய்தல் வேண்டும்.