வலைத்தளம் குடி மாறும்போது

குடிபாலாவில் பிறந்தவர்களுக்கு விலாசம் மாறுவது புதுமையன்று. ஒரு காலத்தில் சித்தூரே வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராய் இருந்தது. 1911-ல் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953-ல் ஆந்திர இராஜ்யம் அமைந்தபோது சென்னையை விட்டு அதனோடு சேர்ந்தது. 1960-ல் திருத்தணி சென்னை இராஜ்யத்துக்குத் திரும்பியது. நாம் நின்ற இடத்திலேயே நின்றோம். 2022-ல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. இத்தனைக்கும் ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. உறையின்மேல் எழுதும் வரிகளே மாறின.

இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு இதில் தொழில் முறையிலும் அநுபவம் உண்டு. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு 2019-ல் புதுப்பெயர் சூட்டினார்கள். ஆயினும் பதிவேட்டில் அதன் குறியீடு இன்றும் மதராஸ் காலத்து ‘எம்.ஏ.எஸ்.’தான். பெயர்ப்பலகையை மாற்றினார்கள், கணக்கில் கை வைக்கவில்லை. முகல்சராய் நிலையத்துக்கோ 2018-ல் பெயரோடு குறியீடும் மாறிற்று. பழைய மூன்று எழுத்துக்களை மனத்தில் பதித்துக்கொண்ட நம்போன்றவர்களின் கை, படிவம் நிரப்பும்போது சற்றே தயங்கியது. பெயர் மாறுவது வேறு. கண்டுபிடிக்கும் வழி மாறுவது வேறு.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் வங்கிகள். 2025 ஏப்ரல் 22-ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விடுத்தது. எல்லா வங்கிகளும் அக்டோபர் 31-க்குள் தங்கள் வலைத்தளங்களை ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் விலாசத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். இந்தப் பெயரை எவரும் கடையில் வாங்குவதுபோல் வாங்கிவிட முடியாது. ஹைதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஒன்றே பதிந்து தரும். போலித் தளங்களை ஒழிக்கவே இந்த ஏற்பாடு. இந்தியன் வங்கி ‘இந்தியன்பேங்க் டாட் இன்’ என்பதை விட்டு ‘இந்தியன்பேங்க் டாட் பேங்க் டாட் இன்’ ஆயிற்று. மற்ற வங்கிகளும் இவ்வாறே குடி மாறின. நம் பக்கத்தில் குழப்பம் இரட்டிப்பு. அவ்வாண்டு மே 1-ஆம் நாள், சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட சப்தகிரி கிராமீண வங்கி, ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கியில் கலந்துவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எத்தனையோ ஆண்டுகளாக நாம் ஊராருக்குச் சொல்லி வந்தது ஒன்றே ஒன்று: “வங்கியின் விலாசம் மாறிவிட்டது என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள், அவன் திருடன்.” இப்போது வங்கிகளே விலாசம் மாறிவிட்டது என்கின்றன!

சென்ற ஆண்டு இறுதியில் நம் தெருவிலுள்ள ஒரு மூதாட்டி கைப்பேசியோடு வந்தார். அவருடைய மகன் குவைத்தில் வேலை செய்கிறார். மாதந்தோறும் அவர் அனுப்பும் பணமே வீட்டின் அடுப்பை எரிய வைக்கிறது. வங்கி புதிய விலாசத்துக்கு மாறியதாகவும், உடனே அங்கே பெயரைப் பதியாவிட்டால் கணக்கு முடங்கும் என்றும் ஒரு செய்தி வந்திருந்தது.

“தம்பி, நீ சொன்னபடி ‘பேங்க்’, ‘இன்’ எல்லாம் இதில் இருக்கிறதே?” என்றார்.

இருந்தது, ஆனால் நடுவில் இருந்தது. அதற்கப்பால் வேறொரு பெயரும் ‘டாட் காம்’ என்ற வாலும் இருந்தன. விலாசத்தை வலப்புறத்திலிருந்து படிக்க வேண்டும் அம்மா, முதல் சாய்வுக்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பது எதுவோ அதுவே வீட்டுக்காரன் பெயர் என்று விளக்கினோம். செய்தியை அழித்தார். பிறகு அவர் சொன்னதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. “நான் இதையெல்லாம் எங்கே பார்க்கிறேன்? பேரன் வங்கிப் பெயரைத் தேடுவான். முதலில் எது வருகிறதோ அதை அமுக்குவான்.”

உலகில் பெரும்பாலோர் செய்வது அதுவே. அவர்களுக்கு விலாசம் என்பது கூகுள் காட்டும் முதல் வரிதான். ஆகவே தேடலில் முதலிடம் என்பது வியாபாரிகளின் பெருமை மட்டுமன்று. உண்மையான வங்கி குடி மாறும்போது அந்த இடத்தை இழந்தால், போலி மேலேறிவிடலாம். அப்போது அந்த மூதாட்டியின் சேமிப்பு என்னாவது?

அந்த இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதை அறிந்தால், எப்படிப் போகும் என்பதும் விளங்கும். ஒரு பக்கத்தை மற்றத் தளங்கள் எவ்வளவு சுட்டிக்காட்டுகின்றன என்பது கூகுள் பார்க்கும் அடையாளங்களுள் முக்கியமான ஒன்று. அந்த நற்பெயர் விலாசத்தின்மேல் சேர்கிறது. விலாசத்தை விட்டுவிட்டுப் போனால், பல ஆண்டு நற்பெயரைப் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் போனதாகவே ஆகும்.

இதற்கு வலையுலகத்தார் வைத்திருக்கும் தபால்காரருக்கு ‘301’ என்று பெயர். பழைய விலாசத்தைத் தட்டுகிறவர்களிடம், “நிரந்தரமாக இன்ன இடத்துக்குப் போய்விட்டார்கள்” என்று சொல்லி, கையோடு அழைத்துச் சென்று விடும் எண் அது. ‘302’ என்றால் தற்காலிகம். குடி மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது. பழைய பக்கம் ஒவ்வொன்றுக்கும் அதற்கு நேரான புதிய பக்கம் எதுவென்று ஒரு பட்டியல் எழுதி, ஒன்றுக்கொன்று திருப்பிவிட வேண்டும். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவோர் உண்டு. காட்பாடிக்குச் சீட்டு வாங்கியவரையும் பாகாலாவுக்குச் சீட்டு வாங்கியவரையும் சித்தூரிலேயே இறக்கிவிடுவது போன்றது அது. கூகுளும் அத்தகைய பக்கத்தை இல்லாத பக்கமாகவே கருதிவிடும். தளத்துக்குள்ளேயே இருக்கும் இணைப்புகளையும் புதிய விலாசத்துக்கு எழுத வேண்டும். இரு விலாசங்களும் நம்முடையவையே என்று நிரூபித்து, கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ பலகையில் இடமாற்றத்தை அறிவிக்கவும் வழியுண்டு. இவ்வளவும் செய்தாலும் சில வாரங்கள் தள்ளாட்டம் இருக்கும். அதைக் கண்டு அஞ்சிப் பழைய இடத்துக்கே ஓடுவது வீண்.

பழைய விலாசத்தைக் கைவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. ஓராண்டேனும் திருப்பிவிடுதலை வைத்திருக்க வேண்டும் என்கிறது கூகுள். நம்மைக் கேட்டால் ஓராண்டு போதாது. கட்டணம் கட்டாமல் விட்ட பெயரை வேறெவரும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவன் அங்கே என்ன கடை விரிப்பான் என்று யார் கண்டது?

நம் சங்கத் தளமும் பழைய நீண்ட பெயரை விட்டுச் சுருக்கமான புதிய பெயருக்குப் போகவிருப்பதாக நிர்வாகிகள் சென்ற மாதம் அறிவித்தனர். மகிழ்ச்சியே. ஆயின், அந்தத் தளத்தில் திருமண அறிவிப்புகளும் விழாப் படங்களும் மட்டுமா இருக்கின்றன? வெளிநாட்டில் ஒருவர் இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்பும் முறை, தூதரகத்தில் கேட்கும் தாள்கள் ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் பக்கமும் அங்கே இருக்கிறது. அதை யாரும் பொழுதுபோக்காகப் படிப்பதில்லை. நள்ளிரவில், அந்நிய தேசத்து மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு, நடுங்கும் விரலால் தேடுகிறவர்களே படிக்கிறார்கள். அவர்களுக்கு முதல் வரியாக அது கிடைக்க வேண்டும். அவ்விடத்தில் ஒரு தரகனின் விளம்பரம் கிடைக்கலாகாது.

ஆகவே நிர்வாகிகளுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. தளத்தின் அழகையும் அமைப்பையும் இப்போதே சேர்த்து மாற்ற வேண்டாம். முதலில் குடி மாறட்டும், வர்ணம் பிறகு அடித்துக்கொள்ளலாம். பழைய பெயருக்குரிய ஆண்டுக் கட்டணத்தை வரவு செலவுக் கணக்கில் தனி வரியாகவே எழுதி வையுங்கள். அடுத்து வரும் பொருளாளர் வீண் செலவென்று அடித்துவிடாதபடி, காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பழைய பக்கங்களுக்கும் புதியவற்றுக்கும் பட்டியல் எழுதும் வேலையை நம்மிடம் விட்டால், இரவுப் பணி இல்லாத நாட்களில் உட்கார்ந்து முடித்துத் தருகிறோம். அந்த மரண உதவிப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம்.