கொண்டல் வீசிய கரை

இம்மலருக்குக் கவிதையொன்று தருவதாக ஒப்புக்கொண்டு வாரங்கள் பல கடந்தும் நம் எழுதுகோல் ஓரடியும் நகரவில்லை. அலுவல் ஒன்றின் பொருட்டுச் சென்னை சென்றிருந்தபோது, "கலைஞர் வாழும் ஊரைக் கண்டு வாருங்கள், கவிதை தானே வரும்" என்றார் நண்பர் ஒருவர். அவர் கருதியது, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை. அது நகரின் தென்புறம். நாமோ வடக்கு நோக்கிப் பேருந்து ஏறினோம். பயணிகளாய் வந்தோர் பாடல் பாடிய ஊர்கள் அத்திசையிலும் உண்டன்றோ!

முதலில் இராயபுரம். 1856இல் தென்னாட்டின் முதல் தொடர்வண்டி புறப்பட்ட ஊர். நாம் தேடிச் சென்றதோ அதற்கும் முன்னரே அங்கு வந்து தங்கிய ஒரு பயணியை. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் தோன்றி, துறவு பூண்டு, காடும் மலையும் அலைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இறுதியில் இவ்வூரிலேயே தங்கி, இங்கேயே அடங்கினார். தொண்டியார் வாழ்ந்தமையால் தொண்டையார்பேட்டை எனப் பெயர் வந்தது என்று கூறுவாரும் உளர். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார் என்பதை எண்ணுகையில், சமயம் கடந்த அந்நட்பு நெஞ்சை நெகிழ்விக்கிறது. அடக்கத்தலத்தில் பாத்திஹா ஓதி, சிறிது நேரம் அமர்ந்திருந்தோம்.

அடுத்துத் திருவொற்றியூர். வீணை குப்பையர் அழைக்க, திருவையாற்றிலிருந்து வந்த தியாகராசர் இவ்வூர்த் திரிபுரசுந்தரிமீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் இவ்வூருக்குப் பலமுறை வந்து, வடிவுடை மாணிக்க மாலை தந்தார். பட்டினத்தார் அடங்கிய இடமும் இக்கடற்கரையே. இத்தனை பேருக்குப் பாட்டளித்த மண் நமக்கும் ஓரடி தாராதா என்னும் ஆசையோடு எண்ணூர் சென்றோம்.

அங்கே கண்ட காட்சி வேறு. ஒருபுறம் கொசத்தலையாறு கடலில் கலக்கிறது. மறுபுறம், 2017இல் மூடப்பட்ட அனல்மின் நிலையத்தின் நினைவும், ஓயாத சரக்கு லாரிகளும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த நீர் இக்கழிமுகத்தில் பரவிப் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. நாம் குறிப்பேட்டை விரித்து எழுதத் தொடங்கினோம். சொற்கள் விரைந்து வந்தன. அருகில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதிக்கினு போனவங்க நிறையப் பேர் சார். எழுதுனதக் காட்ட ஒருத்தரும் திரும்பி வரல."

கடிந்து சொன்னதாகத் தோன்றவில்லை. ஆயினும் நாம் நாணினோம். குறிப்பேட்டை மூடிவிட்டு, அவர் பேச்சைக் கேட்டோம். காற்றைப் பற்றிக் கூறுகையில் 'வாடை' என்றார், 'கொண்டல்' என்றார். நாம் வகுப்பறையில் அருஞ்சொற்பொருள் கூறி விளக்கும் சொற்கள், அவர் வாயில் அன்றாடத் தொழிற்சொற்களாய் வாழ்ந்துகொண்டிருந்தன.

அன்றுதான் ஒன்று விளங்கியது. பாட்டுக்குப் பொருள் தரும் ஊருக்குப் பயணி கடன்படுகிறான். மஸ்தான் சாகிபு தம் வாழ்வையே இங்கு விட்டுச் சென்றார். தியாகராசர் ஐந்து பாடல்களை விட்டுச் சென்றார். நம் காலத்திலும், கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' 2017இல் இக்கழிமுகத்தின் துயரை உலகறியச் செய்தது. எடுத்துக்கொண்டு மட்டும் செல்வது கலையாகாது.

இரு திங்கள் கழித்து, எழுதிய கவிதையோடு மீண்டும் எண்ணூர் சென்றோம். பெரியவர் முழுவதும் கேட்டார்.

"அன்னிக்கு அடிச்சது கொண்டல் சார். நீங்க வாடைன்னு எழுதிட்டீங்க" என்றார்.

திசையே தவறியிருந்தது! அவ்விடத்திலேயே அடித்துத் திருத்தினோம். பிறகு கவிதையை அவரிடமே கொடுத்துவிட்டோம். அவர் பேத்தி படித்துக்காட்டுவாளாம். ஆகவே இம்மலருக்குக் கவிதை இல்லை. அதன் வரலாறு மட்டுமே உண்டு. வாக்களித்தபடி தாராமைக்கு மலர்க்குழுவினர் பொறுத்தருள்க. எழுத விழையும் நம் மாணவச் செல்வங்கள் எவ்வூர் சென்றாலும், எழுதியதைக் காட்ட ஒருமுறையேனும் அவ்வூருக்குத் திரும்பிச் செல்க. அதற்கான மனத்தையும் வாய்ப்பையும் வல்ல இறைவன் அருள்வானாக!