மண்ணைக் கழுவியபின் மிஞ்சும் மணம்

அதிகாலை நாலரை மணிக்குச் சென்னையில் பேருந்து ஏறுவதற்கு முன், இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு சொட்டு வெட்டிவேர் எண்ணெய் இட்டுக்கொண்டேன். இடது கையில் இட்டது ஒரு பெரிய கடையில் வாங்கியது. அழகான புட்டி, அதற்கேற்ற விலை. வலது கையில் இட்டது, கடலூர்ப் பக்கம் வெட்டிவேர் எண்ணெய் எடுக்கும் நண்பர் சென்ற ஆண்டு ஒரு பழைய மருந்துப் புட்டியில் ஊற்றிக்கொடுத்தது. அன்று முழுவதும் இரண்டையும் மோந்து பார்ப்பது, அந்த எண்ணெய்க்கான வேர் எப்படி மண்ணிலிருந்து வருகிறது என்று கண்ணால் பார்ப்பது, இந்த இரண்டு வேலைகளோடுதான் நொச்சிக்காட்டுக்குக் கிளம்பினேன்.

பத்து ஆண்டுகளாக வேறெந்த அத்தரும் பூசாமல் வெட்டிவேரை மட்டுமே பூசி வருகிறேன். வியர்வையோடு சண்டை போடாத மணம் அது. மல்லிகையும் ரோஜாவும் உச்சிவெயிலில் புளித்துப்போகும். வெட்டிவேர் வெயில் ஏற ஏறத்தான் வாய் திறக்கும். ஆனாலும் நல்ல எண்ணெய் எது, சுமாரானது எது என்று கேட்டால், ‘இது பிடித்திருக்கிறது’ என்பதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் குறைதான் என்னை அனுப்பிவைத்தது.

பேருந்து கிளம்பியபோது இடது கைதான் ஜெயித்தது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற பளிச்சென்ற வாசனை, பின்னால் ஒரு இனிப்பு. வலது கையோ முரட்டுத்தனமாக இருந்தது. நனைந்த சாக்கு, அப்போதுதான் பிடுங்கிய மல்லாட்டைச் செடி, அடியில் எங்கோ ஒரு கருகல். அதோடு தீர்ப்பு எழுதியிருந்தால் கடைக்காரர் வென்றிருப்பார். புதுச்சேரி தாண்டியபோது இடது மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை. வலது கையில் சந்தனக்கட்டையை இழைத்தது போன்ற ஒரு மரவாசனை மெல்லத் தலைகாட்டத் தொடங்கியிருந்தது.

இதற்குக் காரணம் அந்த எண்ணெயின் உடம்பிலேயே இருக்கிறது. வெட்டிவேர் எண்ணெயில் நூற்றுக்கு மேற்பட்ட வேதிப்பொருட்கள் உண்டு. பெரும்பாலானவை செஸ்குவிடெர்பீன் என்ற கனமான வகையைச் சேர்ந்தவை. குசிமால், ஆல்ஃபா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கனமான மூலக்கூறுகள் சீக்கிரம் ஆவியாவதில்லை. அதனால்தான் வாசனைத் திரவியம் செய்கிறவர்கள் மற்ற மணங்களைப் பிடித்து நிறுத்தும் அடிமணமாக இதைச் சேர்க்கிறார்கள். வெட்டிவேரை முதல் ஐந்து நிமிடத்தில் எடைபோடுவது, தாளிக்கும் ஓசையைக் கேட்டு குழம்பின் ருசியைச் சொல்வது மாதிரி.

நொச்சிக்காடு கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மணற்பாங்கான ஊர். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஆளுயரப் புல் காற்றில் சாய்ந்து நின்றது. இலையைக் கசக்கி மோந்தேன். சாதாரணப் புல்லின் வாசனைதான். இந்தச் செடி தன் சொத்து முழுவதையும் மண்ணுக்கு அடியில்தான் வைத்திருக்கிறது. தென்னாட்டில் பயிராகும் வகை விதை பிடிப்பதில்லை. பழைய தூரைப் பிரித்து, துண்டு துண்டாக நட்டுத்தான் பயிரை வளர்க்க வேண்டும். நட்டு ஏறக்குறைய ஒரு வருடத்தில் தோண்டலாம். எண்ணெய்க்கென்றே வளர்க்கிறவர்கள் இன்னும் சில மாதம் விட்டுவைப்பார்கள். வேர் முற்ற முற்ற எண்ணெயின் கனம் கூடும்.

மாசி மாத வெயில் ஒன்பது மணிக்கே சுட்டது. ஜேசிபி இயந்திரம் ஒரு தூரை மணலோடு சேர்த்துப் பெயர்த்துப் புரட்டியது. தலைமயிரைப் பிடித்துத் தூக்கியது போல் வேர்க்கற்றை தொங்கியது. என் இடுப்புக்கு மேல் இருந்தது அதன் நீளம். வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், ஜேசிபி வருவதற்கு முன் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு தோண்டிய கதையைச் சொன்னார். “இந்த மண்ணு மணலா இருக்கறதாலதாங்க பயிரே. களிமண்ணா இருந்தா வேரு அறுந்து பாதி உள்ளயே போயிடும்” என்றார். வெட்டி எடுக்கிற வேர் என்பதால்தான் அது வெட்டிவேர். அந்தத் தமிழ்ச் சொல்தான் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போய் ‘வெட்டிவர்’ ஆனது. 1950களின் இறுதியில் கார்வென், கெர்லன், ஷிவான்ஷி ஆகிய மூன்று பாரிஸ் நிறுவனங்கள் அடுத்தடுத்து அந்தப் பெயரிலேயே ஆண்களுக்கான வாசனைத் திரவியங்களை வெளியிட்டன. இன்று உலகச் சந்தைக்கான எண்ணெயில் பெரும்பங்கு ஹெய்ட்டி நாட்டிலிருந்து போகிறது. எங்கே தோண்டினாலும் அதை ஊரறியச் செய்த பெயரில், வெட்டும் வேலை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புரட்டிப்போட்ட தூர்களைப் பெண்கள் எடுத்து ஒன்றோடொன்று அடித்து மணலை உதறினார்கள். அரிவாளால் புல்லை ஒரு பக்கம், வேரை ஒரு பக்கம் பிரித்தார்கள். வேரை அள்ளிக்கொண்டு போய் போர்வெல் தொட்டிகளில் போட்டார்கள். அங்கேதான் ஓர் அக்காவைப் பார்த்தேன். ஐம்பது வயது தாண்டியிருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. இரண்டு கையாலும் ஒரு கற்றையைத் தண்ணீரில் அமுக்கி, பிரித்து, திருப்பி, மறுபடி அமுக்கினார். முதல் தண்ணீர் செம்மண் குழம்பாகப் போனது. இரண்டாவது தண்ணீர் வெளுத்தது. மூன்றாவது தொட்டியிலும் அலசிவிட்டு, கற்றையின் நடுவில் விரலை விட்டுத் துழாவினார். தூரின் கணுவில் ஒளிந்திருந்த மணலை நகத்தால் நிமிண்டி எடுத்தார். அந்த நகங்களின் ஓரம் எல்லாம் மணல் அறுத்த கோடுகள்.

“இவ்வளவு கழுவணுமாக்கா? மண்வாசனைதானே இதுக்கு அழகு?” என்று கேட்டேன்.

அவர் கையை நிறுத்தவில்லை. “மண்ணு வாசன வேற, வேரு வாசன வேற தம்பி. மண்ணு மேல இருந்தா வேரு வாசன வெளிய வராது” என்றார். கழுவாத கற்றை ஒன்றையும் கழுவியதையும் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். முதலாவதில் குளத்துச் சேற்றின் மந்தமான வாடை. இரண்டாவது குளிர்ச்சியாகவும் கூர்மையாகவும் மூக்கில் ஏறியது. பச்சை, மரம், கசப்பு, உள்ளே ஒரு மெல்லிய இனிப்பு. எனக்குப் பிடித்த வாசனை அதுதான்.

பத்து ஆண்டுகளாக நான் ‘மண்மணம்’ என்று கொண்டாடியது மண்ணிலிருந்து வருவதே இல்லை. கடைசி மணல் வரை கழுவியபின் வேரில் மிஞ்சுவதைத்தான் மண்மணம் என்று சொல்லி வந்திருக்கிறேன். கழுவ அலுத்துப்போய் விட்டுவிட்ட வேரில் எடுத்த எண்ணெய், எத்தனை வருடம் வைத்தாலும் சேற்றுவாடை சொல்லும். ஒரு வெட்டிவேர் எண்ணெயை நாம் சுத்தமானது என்று மெச்சும்போது, உண்மையில் மூன்று தொட்டித் தண்ணீரையும் ஒரு பெண்ணின் நகங்களையும்தான் மெச்சுகிறோம். அந்த நகங்களுக்குக் கிடைக்கும் நாள்கூலி, ஜேசிபி பக்கம் நிற்கும் ஆணின் கூலியைவிடக் குறைவு. இந்தத் தொழிலில் எண்ணெயின் தரத்தை முதலில் தீர்மானிக்கும் கைக்கு அடுத்த கையைவிடக் குறைவாகக் கொடுப்பது அநியாயம்.

வலது மணிக்கட்டை அவரிடம் நீட்டினேன். குனிந்து மோந்தார். “நல்லா கழுவின வேருதான். ஆனா அடிபிடிச்சிருக்கு” என்றார். காலையில் நான் உணர்ந்த அந்தக் கருகலுக்கு அவ்வளவு பொருத்தமான சொல் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பாலையும் சோற்றையும் பற்றிச் சொல்கிற அதே சொல். நீங்கள் இந்த எண்ணெய் பூசியதுண்டா என்று கேட்டேன். “இருவது வருஷமா கழுவறேன். எண்ணெய பூசினதில்ல. எங்களுக்கு மூக்கு பழகிப்போச்சு, வீட்டுக்குப் போனா பிள்ளைங்கதான் வாசன அடிக்குதுன்னு சொல்லும்.” மருந்துப் புட்டியைத் திறந்தேன். கை ஈரமாக இருந்ததால், முந்தானையின் நுனியை நீட்டினார். ஒரு சொட்டு விட்டேன். மோந்து பார்த்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, “சாயங்காலம் மோந்து பாத்துட்டு சொல்றேன்” என்று தொட்டிக்குத் திரும்பிவிட்டார்.

கழுவிய வேரை நேரடி வெயிலில் போட்டால் எண்ணெய் வீணாகும் என்பதால் கொட்டகை நிழலில் பரப்பி உலர்த்தியிருந்தார்கள். அதன் பக்கத்தில்தான் நண்பரின் எண்ணெய் எடுக்கும் யூனிட். உலர்ந்த வேரைத் துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, எஃகுக் கலத்தில் தட்டின்மேல் அடுக்குகிறார்கள். கீழிருந்து நீராவி ஏறுகிறது. ஆவி எண்ணெயைச் சுமந்துகொண்டு குழாய் வழியே போய், குளிர்ந்து, சேகரிப்புக் கலத்தில் இறங்குகிறது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் வெட்டிவேர் பிடிவாதக்காரப் பொருள். ரோஜாவும் துளசியும் சில மணி நேரத்தில் கொடுத்துவிடுவதை இந்த வேர் ஒரு நாள் முழுக்க வாட்டினால்தான் கொடுக்கும். எண்ணெயின் எடை ஏறக்குறைய தண்ணீரின் எடையே. அதனால் மேலே மிதக்கவும் செய்யாது, கீழே படியவும் செய்யாது, பிரிந்து நிற்கவே தயங்கும். அதிகமாகக் குளிரவைத்தால் குழாயிலேயே பிசின் போல ஒட்டிக்கொள்ளும். எனவே குளிர்விக்கும் தண்ணீரையும் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். நூறு கிலோ உலர்ந்த வேரில் ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் அது நல்ல நாள்.

“முதல் சில மணி நேரத்துல வர்றது லேசான எண்ணெய். முகத்துக்கு அழகா இருக்கும். கனம் இருக்கறது கடைசியில வர்றதுலதான். விறகு மிச்சம்னு பாதியில நிறுத்தினா, மோந்தவுடனே நல்லா இருக்கும், மத்தியானத்துக்குள்ள காணாம போயிடும்” என்றார் நண்பர். என் இடது மணிக்கட்டை நினைத்துக்கொண்டேன். அது அப்படித்தான் எடுக்கப்பட்டதா, வேறு எண்ணெய் கலந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

அக்கா சொன்ன அடிபிடித்த வாசனையை நண்பரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. ஒத்துக்கொண்டார். சென்ற ஆண்டு நேரடித் தீயில் ஓடிய பழைய கலத்தில் தட்டு இறங்கி, வேர் அடியைத் தொட்டுவிட்டதாம். அந்த ஈட்டை விற்க மனமில்லாமல் தெரிந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். “அதைக் கண்டுபிடிச்சது யாரு, தொட்டியில நிக்கிற அக்காதானே? வேற யாரும் சொல்லல” என்றார்.

அன்றைக்கு எடுத்த எண்ணெயையும் காட்டினார். அம்பர் நிறம், தேனின் தடிப்பு. வெந்த கிழங்கின் வாடை அதில் தூக்கலாக இருந்தது. புது எண்ணெய் அப்படித்தான் இருக்குமாம். சில மாதம் மூடிவைத்தால் வேகவைத்த வாடை அடங்கி மரம் மேலே வரும். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு குணம் உண்டு. ஜாவா எண்ணெயில் புகை தூக்கல், ஹெய்ட்டி எண்ணெய் துப்புரவாக இருக்கும். வடநாட்டுக் கன்னோஜில் செப்புக் கலத்தில் எடுக்கும் வெட்டிவேர் எண்ணெயான ‘ரூ குஸ்’ பச்சையும் ஆழமும் கொண்டது. வடநாட்டு எண்ணெயின் ஊடே தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்தினால் அதன் தளம் இடப்பக்கம் திரும்பும், தென்னாட்டு எண்ணெயில் வலப்பக்கம் திரும்பும். ஒரே புல், இரண்டு சுபாவம்.

அன்று கற்றதைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஒரு சொட்டை மணிக்கட்டில் இடுங்கள், தேய்க்காதீர்கள். இன்னொரு சொட்டைப் பருத்தித் துணியில் விடுங்கள். இட்டவுடன் ஒரு முறை, அரை மணி கழித்து ஒரு முறை, ஆறு மணி நேரம் கழித்து ஒரு முறை மோந்து பாருங்கள். சேற்றுவாடை வந்தால் கழுவியது போதவில்லை. அடிபிடித்த வாடை என்றால் தீ தவறிவிட்டது. ஒன்றுமே மிஞ்சவில்லையென்றால் பொறுமை போதவில்லை, அல்லது கலப்படம். ஒவ்வொரு குறைக்கும் பின்னால் அவசரப்படுத்தப்பட்ட ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு நிறைக்கும் பின்னால் நின்று நிதானித்த ஒருவர் இருக்கிறார்.

ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து பெண்கள் கூலி வாங்க வந்தார்கள். என் வலது மணிக்கட்டில் கருகல் எப்போதோ கரைந்துபோய், காய்ந்த மரமும் குளிர்ந்த மண்பானையும் சேர்ந்தது போன்ற மணம் நின்றது. அக்கா பணத்தை எண்ணினார். முடிந்துகொள்வதற்காக இடுப்பில் செருகியிருந்த முந்தானை நுனியை எடுத்தார். எடுத்தவர் நின்றார். அந்தத் துணியை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி ஒரு முறை, பிறகு இன்னொரு முறை மோந்தார்.

“இப்பதான் தம்பி வேரு வாசன வந்திருக்கு” என்றார்.

பணத்தை அதே நுனியில் வைத்து முடிந்துகொண்டு, மணல் பாதையில் வீட்டைப் பார்த்து நடந்தார்.