பூட்டிய வீடும் வாடகை வீடும்

கொண்டச்சிக்காரர் பலருக்கு இன்று இரண்டு வீடு. சொந்த வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது. குடியிருக்கும் வீடு புத்தளத்தில், மாத வாடகைக்கு. இதைச் சொன்னால் வெளியூர் நண்பர்கள், "வசதியான ஆக்கள்" என்று சிரிக்கிறார்கள்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எங்கள் கொண்டச்சிக் குடாவில் பருவத்துக்குப் பருவம் ஒரு பட்டினமே எழுந்து கலைந்திருக்கிறது. ரொபர்ட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில் அந்தச் சனத்திரளை எழுதியிருக்கிறார். புத்தளத்தில் நாங்கள் எழுப்பிய பட்டினம் மட்டும் கலையவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. அப்போது நான் சிறுவன். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள், சோறு தந்தார்கள், தென்னந்தோட்டங்களில் கொட்டில் போட இடம் தந்தார்கள். அந்தக் கடன் எங்களிடம் இருக்கிறது. ஆனால் சின்னப் பட்டினத்தில் இத்தனை சனம் ஒரேயடியாய் இறங்கினால் காணி விலையும் வாடகையும் சும்மா கிடக்குமா?

கொட்டிலின் கிடுகு உக்கி மழை ஒழுகத் தொடங்கியபோது, வாப்பா ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்தார். எழுத்தும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். வாடகை கூட்ட வரும் நாளில் மட்டும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

"என்ன செய்ய நானா, சாமான் விலையெல்லாம் கூடிப் போச்சு."

வாப்பா தலையாட்டுவார். அகதிக்குப் பேரம் பேச நாக்கு எழும்பாது. வாடகைக்கு உச்ச எல்லை வைத்த, குடியிருப்பவரை நினைத்தபடி எழுப்ப முடியாமல் செய்த 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் என்று ஒன்று இருப்பதைக் கலாசாலையில் படிக்கும்போதுதான் கேள்விப்பட்டேன். அதற்குள் வாப்பா அந்த வீட்டையும் விட்டு இன்னும் இரண்டு வீடு மாறிவிட்டார்.

2009இல் போர் முடிந்தது. திரும்பினோம். அரசும் கொடையாளர்களும் தந்த உதவியில் ஊரில் வீடுகள் எழுந்தன. ஒரு குடும்பமாய்ப் போனவர்கள் நாலு குடும்பமாய்த் திரும்பியிருந்தோம். காணி மட்டும் பெருகவில்லை. அயலில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துக் காணிகளை 2017இல் மாவில்லு பேணற்காடு என்று வர்த்தமானியில் போட்டார்கள். வீடு கிடைத்தவர்களுக்கும் அதைச் சுற்றி இருக்க வேண்டியவை கிடைக்கவில்லை. தொழில் புத்தளத்தில். டியூசன் புத்தளத்தில். உம்மாவின் கிளினிக் கொப்பி புத்தளத்தில்.

என் மகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். அதனால் மனைவியும் பிள்ளைகளும் அங்கே. கிழமை நாட்களில் நான் இங்கே தனியாய்ச் சமைத்துத் தின்று ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். (என் பிள்ளைகளை இந்தப் பாடசாலையில் சேர்க்காததைப் பெற்றோர் கேட்காமலே கேட்கிறார்கள்.) 2022 நெருக்கடிக்குப் பின் ஏறிய வாடகை திரும்ப இறங்கவில்லை. இப்போது சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு வாடகைக்கே போகிறது. வெள்ளிக்கிழமை பஸ்காசு வேறு.

பூட்டிய வீடுகளோ கறையான் தின்னக் கிடக்கின்றன. "நீங்க ஊர்லதான் இருக்கீங்களா?" என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். இல்லை என்றால் உதவிப் பட்டியலில் பெயர் போய்விடுமோ என்ற பயம், ஆம் என்றால் பொய். 2019 நவம்பர் 16, சனாதிபதித் தேர்தல் நாள், புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் புறப்பட்ட பஸ்களை தந்திரிமலையில் மறித்துச் சுட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஓட்டு ஓரிடத்திலும் உறக்கம் ஓரிடத்திலுமாய் இருப்பவன் அன்று எத்தனை மணிக்கு எழும்ப வேண்டியிருந்தது என்பதைப் பத்திரிகைகள் எழுதவில்லை.

மகள் பரீட்சை எழுதி முடிக்கையில் சின்னவன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடுவான். வீட்டுக்காரரிடம் இன்னும் மூன்று வருடத்துக்குப் பேசி வைத்திருக்கிறேன்.