மலை, கடல், பொதிச்சோறு

பலெர்மோவில் எங்கள் சனத்தைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் நாங்கள் பிறர் வீடுகளுக்குள் இருப்போம். தரை துடைப்போம், உடுப்பு மினுக்குவோம், படுக்கையில் இருக்கும் முதியவருக்குச் சூப் பருக்குவோம். 1983 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் சிசிலித் தீவின் இந்தத் துறைமுக நகருக்கு வந்து சேர்ந்தார்கள். மொழி தெரியாமல் வந்தவர்களுக்கு முதலில் கதவு திறந்தது வீட்டுவேலைதான். என் கணவரும் நானும் அந்த வேலை செய்துதான் பிள்ளைகளை வளர்த்தோம்.

இத்தாலியில் வீட்டுவேலை செய்வோருக்கென்று தேசியத் தொழில் ஒப்பந்தம் ஒன்று உண்டு. வேலை வீட்டிலேயே தங்கியிருப்பவருக்கு வாரத்தில் 36 மணிநேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறது அது. அதில் 24 மணிநேரம் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. மிச்சம் 12 மணிநேரத்தை இரு தரப்பும் பேசி இன்னொரு நாளில் வைத்துக்கொள்ளலாம். பலருக்கு அது வியாழக்கிழமைப் பின்னேரம். இந்த மணிக்கணக்கு எங்கள் வீடுகளில் பஞ்சாங்கத்தைவிட நன்றாகத் தெரிந்த கணக்கு. கையில் காசு குறைவு, கிடைப்பது ஒரு பகல். அதை வைத்துப் பிள்ளைகளுக்கு என்ன சந்தோசம் கொடுக்கலாம் என்பதுதான் ஒவ்வொரு கிழமையும் எழுந்த கேள்வி. பலெர்மோ அதற்கு ஒரு மலையையும் ஒரு கடற்கரையையும் ஒரு ராஜாவின் காட்டையும் தந்தது. மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

ஊரில் நாங்கள் 'உல்லாசப் பயணம்' என்று தனியாக எதையும் அதிகம் கண்டதில்லை. பயணம் என்றால் கோயில். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் தெருவே விளையாட்டு மைதானமாகிவிடும். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணி. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு. ஆவணியில் மடுமாதா, சைவச் சனமும் சேர்ந்து போய் மரங்களுக்குக் கீழே நாட்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு வந்த இடம் அது. நேர்த்தியும் விளையாட்டும் நடையும் சாப்பாடும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாமல் இருந்தன. பெரியவர்கள் கும்பிடப் போனார்கள், பிள்ளைகள் ஓடப் போனார்கள், எல்லோரும் ஒரே வண்டியில் போனார்கள்.

அந்தப் பழக்கத்தோடு வந்தவர்களுக்குப் பெல்லெக்ரினோ மலையைக் கண்டதும் யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. நகரின் வடக்கே கடலோரமாக ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்துக்கு எழும் சுண்ணாம்புக்கல் மலை அது. அதன் ஒரு குகையில் 12ஆம் நூற்றாண்டில் ரொசாலியா என்ற பெண் துறவியாக வாழ்ந்தாள் என்பது இவ்வூர் நம்பிக்கை. 1624இல் கொள்ளைநோய் பலெர்மோவைச் சூறையாடியபோது அவளுடைய எலும்புகள் அந்த மலையில் கண்டெடுக்கப்பட்டன. அடுத்த வருடம் அவற்றை நகரெங்கும் பவனி கொண்டுவந்தபின் நோய் நீங்கியதாகச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து சாந்தா ரொசாலியாவே பலெர்மோவின் காவல் தெய்வம். ஜூலை 14 இரவு நகரத்தில் அவளுக்குப் பெருவிழா. 2024இல் அதன் 400ஆவது விழா நடந்தது. செப்டம்பர் 4 திருநாளுக்கு முந்தின இரவு, ஆயிரக்கணக்கானோர், சிலர் வெறுங்காலோடு, மலையேறுவார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் சேலைகளையும் பார்க்கலாம்.

மலை, குகை, சுனை மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் தமிழருக்கு அது கோயில். கத்தோலிக்கத் தமிழரும் சைவத் தமிழரும் வேறுபாடில்லாமல் அங்கே போகிறோம். குகையின் வாயிலில் தேவாலய முகப்பைக் கட்டியிருக்கிறார்கள்; உள்ளே பாறைக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரத் தகடுகளால் வளைத்து வளைத்து இறக்கிச் சேர்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தத் தகடுகள் தீராத வியப்பு. ஒரு துளி எங்கே விழுந்து எங்கே ஓடி எங்கே சேர்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அதுவரை வாய் ஓயாத பிள்ளையும் அந்த இடத்தில் பேசாது.

ஆனால் மலையின் முழுச் சந்தோசமும் ஏறும் வழியில்தான் இருக்கிறது. பஸ்ஸிலும் போகலாம். நாங்கள் அடிவாரத்திலிருந்து, 17ஆம் நூற்றாண்டில் கல் பாவிய பழைய நடைபாதை வழியே ஏறுவோம். ஒவ்வொரு திருப்பத்திலும் துறைமுகம் இன்னும் கொஞ்சம் கீழே போகும். பிள்ளைகள் திருப்பங்களை எண்ணுவார்கள், கணக்குத் தப்பும், சண்டை வரும், மீண்டும் எண்ணுவார்கள். பைன் மரத்தின் காய்களைப் பொறுக்கிக் கல்லின்மேல் வைத்து எறிந்து விழுத்துவார்கள். வசந்த காலத்தில் வழியோரம் காட்டுப் பெருஞ்சீரகம் தளிர் விட்டிருக்கும். கசக்கி மோந்தால் எங்கள் சமையலறை மணக்கும். சிசிலிக்காரர் அதை மத்தி மீனோடு சேர்த்துப் பாஸ்தா செய்வார்கள். என்னோடு வேலை செய்த ஒரு சிசிலி அம்மாவிடம் அதைக் கற்றுக்கொண்டேன். நான் கற்றது போக, என் மீன் குழம்பும் அவர்கள் வீட்டுக்குப் போனது.

மேலே போனதும் சோற்றுப் பொதி அவிழும். வாழையிலை இங்கே கிடைப்பது அரிது. அலுமினியத் தாளில் சுற்றினாலும் மணம் குறைவதில்லை. புளிச்சாதம், உருளைக்கிழங்குப் பிரட்டல், பொரித்த மிளகாய், அவித்த முட்டை, ஒரு போத்தல் தேத்தண்ணி. கூடவே கடலை வடை. பக்கத்தில் இருக்கும் சிசிலிக் குடும்பம் பனெல்லே கொண்டுவந்திருக்கும். அது கடலை மாவைக் கிண்டி ஆறவைத்துத் துண்டாக வெட்டிப் பொரிப்பது, பாணுக்குள் வைத்துச் சாப்பிடுவது. ஒரே கடலையில் இரண்டு ஊர்ப் பலகாரம். கைமாற்றிக்கொள்ள அதற்குமேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது ஃபவோரித்தா பூங்கா. நேப்பிள்ஸிலிருந்து தப்பி வந்த பூர்போன் அரசன் பெர்டினாண்ட் 1799இல் தன் வேட்டைக்கும் பயிர்ச் சோதனைக்கும் என்று வளைத்தெடுத்த நிலம் அது. ஏறத்தாழ 400 ஹெக்டேர். இன்று அது பொதுச் சொத்து. 1995 முதல் மலையும் அதுவும் சேர்ந்து பாதுகாக்கப்பட்ட இயற்கை வனம். அரசன் மட்டும் குதிரையில் போன பாதையில் இன்று வீட்டுவேலைக்காரரின் பிள்ளை சைக்கிள் பழகுகிறது. ஒரு சமூகம் முன்னேறியிருக்கிறதா என்று பார்க்க எனக்கு இந்த ஒரு காட்சி போதும்.

ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமையை இத்தாலியர் 'பஸ்குவெத்தா' என்பார்கள். அன்று ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். பலெர்மோக்காரருக்கு அன்று தணலில் வாட்டும் சமையல்தான். 'அருஸ்துத்தா' என்பது அவர்கள் சொல். ஆர்ட்டிச்சோக் பூமொட்டை இதழ் விரித்து, உள்ளே உப்பும் உள்ளியும் எண்ணெயும் வைத்து, தணலுக்குள் நட்டுவிடுவார்கள். வெளி இதழ் கருகும், உள் இதழ் வெண்ணெயாகக் கரையும். எங்கள் சனம் அதே தணலில் மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிய கோழிக்காலை வைக்கும். தாத்தாமார் சீட்டாடுவார்கள், அம்மாமார் சேர்ந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், பிள்ளைகளைப் பிறகு தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மொண்டெல்லோ கடற்கரைக்கு இன்னொரு குணம். 1913இல் கடலுக்குள் தூண் நாட்டிக் கட்டிய அழகான குளியல் மாளிகையைப் பார்க்க உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். கோடையில் மணலின் பெரும்பகுதி குடைக்கும் சாய்கதிரைக்கும் வாடகை விடப்படும். எங்களுக்கு இலவசமாக விட்டிருக்கும் மணல் துண்டே போதும். அங்கே நாணல் தடியால் கோடு கீறினால் கிளித்தட்டு மைதானம் தயார். 'கிளி' ஆனவர் நடுக்கோட்டில் ஓடுவார், அவர் அணியின் மற்றவர்கள் குறுக்குக் கோடுகளை மறிப்பார்கள், எதிர் அணி ஊடுருவிப் போய்த் திரும்பி வர வேண்டும். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், வயது வித்தியாசமும் வேண்டாம். விளையாட்டு தொடங்கினால் பக்கத்தில் நிற்கும் இத்தாலியப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். விதியைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் பிள்ளைகள்தான். வகுப்பில் எல்லாவற்றையும் கேட்டுக் கற்கும் பிள்ளை இங்கே தான் கற்பிக்கிறது. அதன் முகத்தில் அப்போது தெரியும் நிமிர்வை நான் எத்தனையோ முறை பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமான இடம் நகர மையத்துக்கு அருகே உள்ள ஃபோரோ இத்தாலிக்கோ கடலோரப் புல்வெளி. இரண்டாம் உலகப் போரில், 1943இல், குண்டுவீச்சால் பலெர்மோவின் பழைய நகரம் நொறுங்கியது. அந்த இடிபாடுகளை அள்ளிவந்து இங்கே கடலில் கொட்டினார்கள். கரை வெளியே நகர்ந்தது. பின்னாளில் அதன்மேல் மண் பரப்பிப் புல் வளர்த்தார்கள். இடிந்த வீடுகளின் மேல் பிள்ளைகள் ஓடுகின்றன. வீடு இடிந்துபோன சனமாகிய எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

அங்கேதான் பட்டம் விடுவோம். யாழ்ப்பாணத்தில் தைமாதக் காற்றுக்குப் பட்டம் ஏறாத வானம் இல்லை. வல்வெட்டித்துறையில் பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியை அறியாத தமிழர் குறைவு. கடைப் பட்டத்தை எங்கள் வீட்டில் வாங்கியதில்லை. சிசிலியில் எந்த வாய்க்கால் கரையிலும் நாணல் உண்டு. முற்றிய தடியைப் பிளந்து சீவி, நூலால் வரிந்து, மெல்லிய கடதாசியைக் கோதுமை மாப் பசையால் ஒட்டி, பழைய சேலைக் கரையில் வால் கிழித்துவிட்டால் பட்டம் முடிந்தது. கடினமானது முச்சை கட்டுவது, அதாவது பட்டத்தை ஏற்றும் நூலோடு பிணைக்கும் கட்டு. அதில் ஒரு விரல் அளவு பிசகினாலும் பட்டம் குத்தும். "அப்பா, விடுங்கோ, நான் கட்டுறன்" என்று மகன் பறிக்கும்வரை தகப்பன் பொறுமையாகக் காட்டிக்கொடுப்பார். பிறகு விண். வில்லாக வளைத்த தடியில், பார்சல் கட்டும் நாடாவைச் சீவி இழுத்துக் கட்டினால், பட்டம் மேலே போனதும் அது கூவும். அந்த ஒலி கேட்டதும் கடலோரத்தில் நடக்கிறவர்கள் நின்று மேலே பார்ப்பார்கள். கிழமை நாளெல்லாம் எங்களைக் காணாமல் கடந்துபோகும் நகரம் அந்த நேரத்தில் எங்களைக் கேட்கிறது.

புல்வெளியிலிருந்து சில நிமிட நடையில் மரீனா சதுக்கம். அங்கே நடுப்பூங்காவில் 19ஆம் நூற்றாண்டில் நட்ட ஆஸ்திரேலிய அத்தி நிற்கிறது, எங்கள் ஆலமரத்தின் கூடப்பிறந்த அண்ணன்போல. விழுதுகள் இறங்கித் தூணாகி, வேர்கள் மதிலாக எழும்பியிருக்கின்றன. ஊரைக் காணாத பிள்ளைக்கு ஆலமரத்தடி என்றால் என்னவென்று சொல்லி விளக்க முடியாது. இங்கே அதன் வேர்களுக்கு நடுவே ஒளித்துப்பிடித்து விளையாடிய பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை. நிழலில் அமர்ந்து கல் பொறுக்கிக் கொக்கான் விளையாடுவோம். நானும் விளையாடுவேன். என் கை அந்தக் கல்லை மறக்கவில்லை என்பதில் மகளுக்கு ஆச்சரியம்.

இவையெல்லாம் தாமாகக் கிடைத்தவை அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இன்று இங்கிலாந்தில் நம் உறவுகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கும் குன்றுகள் பல, ஒரு காலத்தில் பிரபுக்களின் வேட்டை நிலங்கள். 1932 ஏப்ரலில் மான்செஸ்டர், ஷெஃபீல்ட் பக்கத்துத் தொழிலாளர் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி நடந்தார்கள். அவர்களுக்கும் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். சிலர் சிறைக்குப் போனார்கள். 1951இல் அந்தப் பகுதியே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. சிசிலியிலும் அப்படித்தான். பலெர்மோவுக்கு மேற்கே ஸிங்காரோ கடற்கரையை ஊடறுத்துச் சாலை போட முனைந்தபோது 1980 மே மாதம் மக்கள் திரண்டு நடந்து மறித்தார்கள். அடுத்த வருடம் அது சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகமானது. ஏழைப் பிள்ளையின் ஒரு நாள் சந்தோசத்துக்குப் பின்னால் யாரோ நடந்த நடை இருக்கிறது.

ஊரிலும் வெளிநாட்டிலும் இப்போது பிள்ளைகளின் மகிழ்ச்சி விலைச்சீட்டோடு வருகிறது. பிறந்தநாள் என்றால் மண்டபம், விடுமுறை என்றால் விமானம், சும்மா இருந்தால் கைபேசி. பெற்றோர் அந்தச் செலவுக்காக ஞாயிற்றுக்கிழமையிலும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைக்கு வேண்டியிருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். நாங்கள் பிள்ளைகளுக்கு ஊரைச் சொல்லிக் கொடுத்ததைவிட, கூட ஓடி, கூடச் சாப்பிட்டு, கூடத் தோற்றுக் கொடுத்ததுதான் அதிகம். அவர்கள் தமிழ் பேசுகிறார்கள் என்றால், கிளித்தட்டில் கத்துவதற்கு அந்தச் சொற்கள்தான் தேவைப்பட்டன என்பதும் ஒரு காரணம்.

ஆகவே பிள்ளைகளை வளர்க்கும் என் சகோதரர்களையும் சகோதரிகளையும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் லண்டனில் இருந்தாலும் டொரொண்டோவில் இருந்தாலும் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருந்தாலும், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குச் சோறு கட்டுங்கள். நடந்து போகக்கூடிய ஒரு குன்றையோ குளக்கரையையோ தேர்ந்தெடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு விளையாட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுங்கள். அந்த நிலத்தை யாரேனும் வேலி போட்டு அடைக்க வந்தால், ஊரோடு போய் முன்னால் நில்லுங்கள்.